இருநூற்றெட்டு செட் பல்

ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் மாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு, தட்டைக் கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தோடு சேர்த்துத் தேய்த்துக் கலக்கியபடியே பல்லு மாஸ்டர் கேட்டார்: "நேத்து நூத்தி மூணு சார். இன்னிக்கு நூத்தி நாலு. ராத்திரி நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்? நடுவுல எவன் சார் ஒரு செட்டைத் தின்னுட்டுப் போனான்?"

வெளிநாட்டுப் பணத்தின் மதிப்பு தினமும் ஏறும், இறங்கும் என்று சொன்னேன். கரண்டி நிற்கவில்லை. "ஏறட்டும் சார், யாரு வேண்டாங்கறா? இறங்குறப்பவும் ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?" என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவருடைய வெளிநாட்டுப் பயண பட்ஜெட்டைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்தான். யாரை நோவது?

நான் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக் இருக்கிறது. முன்னறையில் நாற்காலியும் விளக்கும் டாக்டரும். நடு அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஜனம். பின்னறையில், ஒற்றை ஜன்னலுக்குப் பக்கத்தில், மெழுகு வாசனைக்கும் தேய்க்கும் இயந்திரத்தின் கிர்ர் சத்தத்துக்கும் நடுவே பல்லு மாஸ்டர். பல் செட் செய்கிறவர். வயது ஐம்பத்தேழு. புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருப்பதால் அறுபதைத் தாண்டியவர் போலத் தெரிவார். முகம் கழுவினால் பத்து வயது குறைந்துவிடும். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். எனக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கிறது என்பதை அறிமுகமான அன்றே சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் எதிரில் நான் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து, இளஞ்சிவப்புப் பசை நிரம்பிய தட்டைப் பின்னறைக்கு அனுப்புவார். மாஸ்டர் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். உலகத்தில் எல்லாரும் ஒரு அச்சு எடுத்து வேலையை ஆரம்பிப்பார்கள். இவர் அதே அளவில் இன்னொரு முறை ஊற்றி இரண்டாவது அச்சும் எடுப்பார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஸ்பேர். "கை தவறும் சார், கீழ விழும், மெழுகு வேலையில விரிசல் விடும். பாவம், திரும்பவும் அந்தப் பசையைப் பெரியவங்க வாயில திணிக்க முடியுமா? ஸ்பேர் இல்லாம ஒரு பல்லுகூட நான் வெச்சதில்ல." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும். முப்பத்தொன்பது வருஷத்தில் ஸ்பேர் தேவைப்பட்டது எத்தனை தடவை என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாலு" என்றார்.

ஸ்பேர்கள் ஜன்னலுக்கு மேலே மரப்பலகையில் வரிசையாக இருக்கும். செட் மாட்டிக்கொண்டு போனவர் ஒரு வாரம் கழித்து வந்து, "நல்லாக் கடிச்சுச் சாப்பிட்டேங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஸ்பேரை எடுத்து வாளிக்குள் வைத்து, சின்ன மரச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டி உடைப்பார். தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூள் கண்ணில் படுமாம். அவர் போட்டிருப்பதோ சோடாபுட்டி கண்ணாடி.

அந்தப் பலகையில் ஆறு வருஷமாக உடையாமல் ஓர் அச்சு இருக்கிறது. அதன் அடியில் ஒரு கடிதமும் இருக்கிறது. பட்ஜெட்டுக்கு மூலகாரணம் அந்த இரண்டும்தான்.

ஆறு வருஷம் முன்பு, ஏதோ பெரிய கட்டிட வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் அம்மாள் கீழ்ப்பல் செட் ஒன்று செய்துகொண்டார். இரண்டாம் நாளே வலிக்கிறதென்று வந்துவிட்டார். டாக்டர் அன்று விடுமுறை. அந்த அம்மாள் பின்னறைக்கே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார். மாஸ்டருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'யெஸ்'. அதை நாற்பது தடவை சொன்னார். பிறகு செட்டை வாங்கி இடது பக்கம் இழைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் மறுநாளும் வந்தார், மறுபடியும் பேசினார், இவர் மறுபடியும் 'யெஸ்' சொல்லி மறுபடியும் இடது பக்கத்தையே இழைத்தார். மூன்றாவது நாள் அவர் வரவில்லை. ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வலி வலது பக்கமாக இருக்கலாமோ என்று மாஸ்டருக்குத் தோன்றியதும் அதற்கப்புறம்தான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாலு பக்கம், நீல மை, நெருக்கிக் கட்டிய எழுத்து. திட்டியிருக்கிறாரா, நன்றி சொல்லியிருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. ஏனென்றால் மாஸ்டர் அதை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. டாக்டர் கேட்டார், கொடுக்கவில்லை. நானும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு முறை கேட்டேன், மசியவில்லை. போன் கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகள், "அப்பா, போனைக் காட்டினா ஒரே நிமிஷத்துல தமிழ்ல வந்துடும்பா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"போன் படிச்சா போனுக்குத்தானே புரியும்? எனக்கு எழுதின லெட்டர் இது. என் மூஞ்சியைப் பார்த்து அரை மணி நேரம் பேசினாங்க, நான் தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன். நானே படிச்சாத்தான் அதுக்கு மரியாதை" என்பது அவர் பதில்.

அதற்காக ஒருவர் கடல் தாண்டிப் போக வேண்டுமா? இங்கேயே தெருவுக்கு இரண்டு ஆங்கில வகுப்பு நடக்கிறது. இதைச் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இங்க படிச்சா நான் தமிழ்லயே சமாளிச்சுடுவேன் சார். என்னை எனக்குத் தெரியாதா? தப்பிக்க வழியே இல்லாத இடத்துல கொண்டுபோய்ப் போடணும் என்னை." ஒரு ஏஜென்ட் அலுவலகத்தின் மூலம் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டார். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை வகுப்பு. ஒரு குடும்பத்தோடு தங்கல், காலைச் சாப்பாடும் ராச்சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அந்த வீட்டில் நாய் உண்டு என்று தகவல் தாளில் போட்டிருந்தது. நாய்க்கு ஏதாவது செலவு உண்டா என்று மாஸ்டர் ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கிறார்.

இதுவரை ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் கணக்கில்.

ஏஜென்ட் கொடுத்த தாள் வெளிநாட்டுப் பணத்தில் இருந்தது. மகள் அதை நம் பணத்துக்கு மாற்றிப் போனில் வைத்திருந்தாள். மாஸ்டருக்கு இரண்டுமே பிடிபடவில்லை. ஒரு முழு செட்டுக்கு டாக்டர் தரும் கூலி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், அதற்கு எத்தனை நாள் குனிந்து உட்கார வேண்டும் என்று அவர் முதுகுக்குத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிட்டார். வகுப்புக் கட்டணம் நாற்பது செட். தங்கல் முப்பது. விமான டிக்கெட் பதினான்கு. குளிர்க்கோட்டு ஒன்று. அங்கே பஸ்ஸில் போய் வர ஒரு நாளைக்கு இரண்டு பல்.

"பல்லா?" என்றேன்.

"செட்டுக்கு இருபத்தெட்டுப் பல்லு சார். ஒரு நாளைக்கு ரெண்டு பல்லுன்னா அறுபது நாளுக்கு நூத்தி இருபது. இருபத்தெட்டால வகுங்க. நாலு செட்டும் எட்டுப் பல்லும். எட்டுப் பல்லைப் பேனா பென்சில்ல தள்ளிட்டேன்."

வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மனிதர் கணக்கில் தப்பே செய்வதில்லை, ஆனாலும் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. அந்தக் குடும்பத்தின் வீட்டுச் சாவிக்கு முன்பணம் அரை செட் கட்ட வேண்டும், கிளம்பும்போது திருப்பித் தந்துவிடுவார்கள். அது செலவா வரவா என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. "போறப்ப செலவு, வர்றப்ப வரவு. அப்ப நான் அங்க இருக்கிற பன்னெண்டு வாரமும் அது என்ன சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வியாகத்தான் பட்டது. கடைசியில் அதைத் தனித்தாளில் எழுதிவைத்தோம்.

விசா, இன்சூரன்ஸ், மதியச் சாப்பாடு என்று மிச்சத்தையும் சேர்த்து, சில்லறைப் பற்களை விட்டுவிட்டால் மொத்தம் நூற்றுநான்கு செட். நீளத் தாளில், முத்து முத்தான எழுத்தில், வரி வரியாக எழுதி எனக்குக் காட்டினார். "கையில எவ்வளவு இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டேன். "நூத்தி அறுபத்தொண்ணு" என்றார்.

"அப்புறம் என்ன? தாராளமா இருக்கே!"

"இல்ல சார். நாப்பத்தேழு குறையுது."

நூற்று அறுபத்தொன்றிலிருந்து நூற்றுநான்கைக் கழித்தால் ஐம்பத்தேழு மிஞ்சுகிறது. குறைகிறதாவது! தாளை வாங்கி மறுபடி கூட்டினேன். மறுபடியும் நூற்றுநான்கு. ஒருவேளை கடன் ஏதாவது இருக்கிறதோ? "சேச்சே, யார்கிட்டயும் கை நீட்டினதில்ல சார்." மனைவிக்குத் தெரியாமல் ஏதாவது செலவு? அவர் என் வாயை ஒரு பார்வை பார்த்தார், அத்தோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். மேலே வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்றாவது தடவை கூட்டினேன். பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய குட்டெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

இதில் அவசரம் வேறு. கிளினிக்கின் தரையெல்லாம் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறார்கள். மூன்று மாதம் கிளினிக் மூடியிருக்கும். முப்பத்தொன்பது வருஷத்தில் மாஸ்டருக்குப் பன்னிரண்டு வாரம் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது இதுதான் முதல் தடவை, அடுத்தது எப்போதோ. அந்த மூன்று மாதத்துக்கான வகுப்பில் இடம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஏஜென்ட் அலுவலகத்தில் கட்டணமும் தங்கல் பணமும் கட்டியாக வேண்டும். மாஸ்டரோ, "நாப்பத்தேழு குறையுதே, நாப்பத்தேழு குறையுதே" என்று பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாஸ்டர், தாளைக் குடுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். பிளாஸ்டர் பட்டு ஒட்டிக்கொண்டிருந்த தாளின் ஓரம் பிரிந்தது. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளாக நான் பார்த்தது பாதித் தாள். நீளவாக்கில் மடித்து வைத்திருக்கிறார் மனிதர். விரித்தேன். இந்தப் பக்கம் இருந்தது அத்தனையும் அந்தப் பக்கமும் இருந்தது. கட்டணம் நாற்பது. தங்கல் முப்பது. டிக்கெட் பதினான்கு. கோட்டு ஒன்று. பஸ், இன்சூரன்ஸ், பேனா பென்சில் உள்பட. மேலே தலைப்பு: ஸ்பேர். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூற்றெட்டு.

அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆங்கிலம் படிக்கிறதுக்கு எதுக்கு மாஸ்டர் ஸ்பேர்? கோட்டுக்குக்கூட ஸ்பேரா?"

"நனைஞ்சா?"

"வகுப்பு நனையுமா?"

அவர் கைவேலையைக் கீழே வைத்தார். துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் கேலி செய்த தோரணையில் அவருக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"ஏழாங்கிளாஸ்ல பெயிலானேன் சார். இன்னொரு வருஷம் அதே கிளாஸ்ல உக்காரணும்னு சொன்னாங்க. அதுக்குத் திரும்பவும் பணம் கட்டணும். எங்கப்பா வந்தாரு. 'ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவை பணமா? என்கிட்ட ஒரு தடவைக்குத்தான் இருந்துச்சு, அது போயிடுச்சு'ன்னு வாத்தியார்கிட்ட சொன்னாரு. கோபமாக்கூடச் சொல்லல. அப்படியே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு. அப்புறம் அங்க இங்க எடுபிடி வேலை, பதினெட்டு வயசுல பல்லு வேலை. பின்னாடி பெஞ்சுல என் பை அப்படியே இருந்துச்சு சார், அதை எடுக்கக்கூட நான் திரும்பிப் போகல." துணியை மடித்து வைத்தார். "எனக்கு ஒரு தடவையில புரியாது. எனக்குத் தெரியும். இந்தத் தடவை ரெண்டாவது தடவைக்கான பணத்தையும் கையில வெச்சுக்கிட்டுத்தான் போய் உக்காருவேன். பெயிலானாலும் எழுந்து வரமாட்டேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் கோபமும் வந்தது. பழைய வருஷத் தாள்களைக் கேட்டேன். இருந்தன, எல்லாமே இரட்டைப் பிரதியாக. அவர் வருஷத்துக்கு இருபத்தாறு செட் சேர்த்திருக்கிறார். வகுப்புச் செலவு வருஷத்துக்கு எட்டு செட் ஏறியிருக்கிறது. அவர் அதை இரண்டால் பெருக்குவதால் பதினாறு. மூன்று வருஷம் முன்பு மொத்தச் செலவு எண்பது செட். அப்போது இவர் கையில் எண்பத்துமூன்று இருந்திருக்கிறது. மனிதர் மூன்று வருஷம் முன்பே டாக்டரிடம் லீவு கேட்டுப் போய்விட்டு வந்து, கடிதத்தைப் படித்துவிட்டு, பதிலும் போட்டிருக்கலாம்! இதே வேகத்தில் போனால் இருநூற்றெட்டைத் துரத்திப் பிடிக்க இன்னும் ஐந்து வருஷம் ஆகும். அப்போது அது இருநூற்றெட்டாகவும் இருக்காது. இதையெல்லாம் அவர் முன்னால் போட்டுக் காட்டினேன். வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில், "கணக்கு சரிதான் சார்" என்றார். "ஆனா எனக்குப் பயமா இருக்கே."

கணக்கு சரியென்று ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகும் என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

வியாழன் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி, ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டறை வீடு. அங்கும் எல்லாம் இரண்டிரண்டு: கதவுக்குப் பக்கத்தில் இரண்டு குடை, ஆணியில் இரண்டு சாவிக்கொத்து, சுவரில் இரண்டு கடிகாரம். கடிகாரங்கள் ஆறு நிமிஷம் வித்தியாசத்தில் ஓடின. எது சரி என்று கேட்டேன். "அதுதான் சார் எனக்கும் குழப்பம்" என்றார் மாஸ்டர்.

அவருடைய மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவர். பகல் முழுக்கக் கண்ணாடித் துளை வழியாக ஆயிரம் பேரிடம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேச்சை மிச்சம் பிடிப்பார். சொல்ல வந்ததை ஒரே தடவைதான் சொல்வார், வரிசையில் அடுத்த ஆள் நிற்பது போல. அன்று கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் விரித்து வைத்த தாளை முழுக்கப் பார்த்தார். மகளும் எட்டிப் பார்த்தாள். ஸ்பேர் பக்கத்தை வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை போலும். மகள், "அப்பா! கோட்டு ரெண்டா?" என்று ஆரம்பித்தாள்; அம்மா கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, அந்த லெட்டருக்கு ஸ்பேர் எடுத்தீங்களா?" என்று கேட்டார் மனைவி.

மாஸ்டர் விழித்தார். "எடுக்கல. காப்பி எடுக்கக் குடுத்தா கடைக்காரன் படிச்சுடுவான்."

"ஆறு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு?"

"ஆமா."

"என்னைக் கட்டிக்கிறப்ப?"

"என்னது?"

"என்னைக் கட்டிக்கிறப்ப எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொருத்தியைப் பார்த்து வெச்சிருந்தீங்களா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். மாஸ்டரின் காது சிவந்துவிட்டது. "அது வேற" என்றார்.

"என்ன வேற? ஸ்பேர் இல்லாம உங்ககிட்ட ரெண்டு இருக்கு. அந்த லெட்டர் ஒண்ணு, நான் ஒண்ணு. இத்தனை வருஷத்துல ரெண்டும் உடைஞ்சா போச்சு?" எழுந்தார். "பெயிலானா வாங்க. எனக்குச் சம்பளம் வருது. மூணு மாசம் நான் பார்த்துக்கறேன். பெயிலானவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர நானே ஏர்போர்ட்டுக்கு வரேன். போகாம இருந்துடாதீங்க, அதை மட்டும் என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது." அவ்வளவுதான். கவுண்டரை மூடினாற்போல உள்ளே போய்விட்டார். சமையலறையில் குழாய் கொஞ்ச நேரம் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "இவ சொல்றது சரியா தப்பா சார்?" என்று என்னிடம் கேட்டார். அவ்வளவு குழம்பிய முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கணக்குப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள், இதற்கில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அவரே என் கதவைத் தட்டினார். முகம் கழுவியிருந்தார், புருவம் கறுப்பாக இருந்தது. இடுப்பில் பணப்பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டதைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஆள் சாதாரண நிலையில் இல்லை.

ஏஜென்ட் அலுவலகத்தில் ஒரு இளம்பெண் படிவத்தை அவர் முன் வைத்து, இங்கே பெயர், இங்கே வயது என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். மாஸ்டர் மெழுகில் பல் வடிப்பது போல ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் செதுக்கினார். மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. "அங்கிள், பன்னெண்டு வாரம் முடிஞ்சு தேவைப்பட்டா நீட்டிக்கலாம். இப்பவே கொஞ்சம் முன்பணம் கட்டினா இடம் பிடிச்சு வெப்பாங்க. வேணும்னா இதுல டிக் பண்ணுங்க. வேண்டாம்னா அதுல" என்றாள்.

பேனா முதல் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தாள். "அங்கிள், எழுதுதா பேனா?" என்று கேட்டாள். "எழுதுது, எழுதுது" என்றார் மாஸ்டர். பேனா இரண்டாவது கட்டத்துக்குப் போனது. திரும்ப முதல் கட்டத்துக்கு வந்தது. அவருடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டவர் போல இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். பிறகு பணப்பையைத் திறந்து எழுபது செட்டையும் எண்ணி வைத்தார். ரசீதைக் கையில் வாங்கியதும், "இதுக்கு ஒரு காப்பி எடுத்துத் தர முடியுமாம்மா?" என்று கேட்டார். அந்தப் பழக்கம் எங்கே போகும்?

திரும்பி வரும்போது எனக்குத்தான் தாங்கவில்லை. "சந்தோஷமா மாஸ்டர்?" என்றேன். "தெரியல சார். ரெண்டாவது கட்டத்துலதானே கோடு போட்டேன்?" என்றார். வழியில் இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். எழுதுங்கள், புத்தகம் வந்தால் இரண்டு வாங்கிக் கொடுங்கள் என்றார்.

கிளினிக்கின் பின்னறையில் ஒரு பெரியவரின் அளவுத்தட்டு காத்திருந்தது. மாஸ்டர் அதைத் தொடவில்லை. நின்றபடியே பலகையைப் பார்த்தார். அந்த அம்மாளின் அச்சு, அதன் அடியில் கடிதம், இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து நீளத் தாளை எடுத்து விரித்து, மெழுகு வெட்டும் கத்தரியால் மடிப்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை வெட்டினார். ஒரு பாதியை ரசீதோடு சேர்த்துப் பையில் வைத்தார். 'ஸ்பேர்' என்று தலைப்பிட்ட மற்றப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். கிழிக்கவில்லை. கசக்கவில்லை. இரண்டாக மடித்து, உடைந்த பிளாஸ்டர் துண்டுகள் கிடந்த வாளிக்குள் குனிந்து வைத்தார். சின்ன மரச் சுத்தியலை எடுத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தத் தாளின் மேல் ஒரு தட்டு தட்டினார்.